சுண்ணாம்பு தடவாத கலயம்

முதல் குற்றம் சுவிசேஷமுத்துவுடையது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவருக்குப் பிறகு வேறு சிலரும் வந்தார்கள், அவரவர் பங்கை அவரவர் செய்தார்கள். ஆனால் முதல் ஆள் அவர்தான். கதை போகப் போக அவர் நல்ல மனிதராகவும் தெரிவார். மணி அடிப்பார், உருக்கமாக ஜெபிப்பார், கண்ணீர்கூட விடுவார். கேட்கிற பெரியவர்களும் பிள்ளைகளும் அதில் மயங்கிவிடக் கூடாது.

இனிக் கதைக்கு வருவோம்.

அரிசிச் சோற்றைப் பண்டிகை நாளில் மட்டும் பார்த்து, மற்ற நாளெல்லாம் பனையை நம்பி மனிதர்கள் வாழ்ந்த காலத்தில், தேரி என்கிற செம்மணல் மேட்டின் ஓரத்தில் ஆறுதல்புரம் என்று ஒரு சிற்றூர் இருந்தது. ஊரார் எல்லாரும் பனையேறிகள். எல்லாரும் புதிதாக ஞானஸ்நானம் வாங்கினவர்கள். ஓலைக்கூரை போட்ட ஒரு சிறு கோயிலும், அதன் வாசலில் தொங்கும் ஒரு மணியும் அவர்களுக்கு இருந்தன.

ஞானஸ்நானம் வாங்கின அன்று அவர்கள் மூன்று வாக்குக் கொடுத்தார்கள். பொய்ச்சத்தியம் பண்ணுவதில்லை. வட்டி வாங்குவதில்லை. கள் இறக்குவதில்லை.

மூன்றாவது வாக்குக்குச் சாட்சி சுண்ணாம்பு. பனையின் பாளையைச் சீவி, அதில் கலயத்தைக் கட்டினால் சொட்டுச் சொட்டாகச் சாறு வடியும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். பிள்ளைகள் குடிக்கலாம், காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கலாம். சுண்ணாம்பு தடவாவிட்டால் விடிவதற்குள் அதே சாறு புளித்துக் கள்ளாகிவிடும். ஆகவே ஆறுதல்புரத்தில் ஒருவனுடைய விசுவாசத்தைப் பார்க்க வேண்டுமானால் அவனுடைய கலயத்தைத் திருப்பிப் பார்த்தால் போதும். உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டும்.

நான்காவதாக ஒரு வாக்கும் பின்னால் சேர்ந்தது. அந்த ஊருக்கு ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு பட்டணத்துக் குருவானவரான ஐயர் மாட்டுவண்டியில் வருவார். வரும்போதெல்லாம் ஆண்டவரின் நினைவாக அப்பம் பிட்டுத் திருவிருந்து கொடுப்பார். ஒரு முறை அவர் புறம்பேசுகிற பாவத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினார். மனிதர்கள் ஒருவரையொருவர் முதுகுக்குப் பின்னால் கடித்துத் தின்கிறார்கள் என்றார். சபை நடுங்கிவிட்டது. இனிமேல் கிணற்றடியில் பிறர் கதை பேசுவதில்லை, சந்தைக்குப் போகிற வழியில் பேசுவதில்லை, பதநீர் காய்ச்சுகிற அடுப்படியில் பேசுவதில்லை என்று எல்லாரும் கையைத் தூக்கினார்கள். முதலில் தூக்கிய கை மணி அடிக்கிற சுவிசேஷமுத்துவின் கை.

சொன்னபடியே செய்தார்கள். கிணற்றடி அமைதியானது. சந்தை வழி அமைதியானது. அடுப்படியில் விறகு வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஆனால் நாக்கில் ஊறுகிற அரிப்பு எங்கே போகும்? கிணற்றடியை அடைத்தார்கள், சந்தை வழியை அடைத்தார்கள், அடுப்படியை அடைத்தார்கள். ஜெபக்கூட்டத்தை அடைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்த ஊரில் எப்பிராயீம் என்று ஒரு பனையேறி இருந்தார். அதிகம் பேசாதவர். தன் பனை, தன் பாளை, தன் வீடு என்று இருப்பவர். ஒருவர் தனக்குச் செய்த நன்மையையும் மறக்க மாட்டார், தீமையையும் மறக்க மாட்டார். அவருக்குப் பரிபூரணம் என்று ஒரே மகள். பக்கத்து ஊரான மேட்டுவிளையில் பாக்கியநாதன் என்பவருடைய மகனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள்.

கிறிஸ்தவர்களுக்குள்ளே ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம், இதற்குத் தடை சொல்ல யாராவது உண்டா என்று மூன்று தரம் கேட்பார்கள். மூன்றாம் ஓலையும் தடையில்லாமல் போனால்தான் கல்யாணம். முதல் ஓலையை ஐயர் வாசிப்பார், இரண்டாவதை ஊரிலேயே இருந்து சபையை நடத்துகிற உபதேசியார் வாசிப்பார், மூன்றாவதை மறுபடி ஐயர் வாசிப்பார் என்று ஏற்பாடாகியிருந்தது. எப்பிராயீம் அந்த மூன்று ஞாயிற்றையும் நினைத்தே பனை ஏறினார், அதையே நினைத்து இறங்கினார்.

இப்போது அந்தக் கலயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

திருவிருந்துக்கு வேண்டிய அப்பத்தை முன்பெல்லாம் ஐயர் பட்டணத்திலிருந்து கொண்டுவருவார். வண்டிச் சூட்டில் அது பூசணம் பிடித்துப்போகும். அந்த வருஷம்தான் உபதேசியாரின் மனைவி சலோமி அம்மாள் தானே சுட்டுத் தருவதாகச் சொன்னாள். மாவு வந்தது, அடுப்பு இருந்தது. ஆனால் மாவு உப்ப வேண்டுமே. அந்தப் பக்கத்தில் மாவை உப்ப வைக்க ஒரே வழி ஒரு கிண்ணம் கள் ஊற்றிப் பிசைவதுதான்.

உபதேசியார் ஞானசிகாமணி எப்பிராயீமைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். ஐயர் வருகிற ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும், ஒரே ஒரு கலயத்தைச் சுண்ணாம்பு தடவாமல் கட்ட வேண்டும். யாருக்கும் சொல்லக் கூடாது. விசுவாசத்தில் பலவீனமானவர்கள் கேட்டால் இடறிப்போவார்கள் என்றார். எப்பிராயீம் வாக்குக் கொடுத்தார். கோயில் காரியம் என்பதால் அவருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அப்படியே நடந்தது. சலோமி அம்மாள் சுட்ட அப்பம் பஞ்சுபோல இருந்தது. பட்டணத்தில்கூட இப்படி ஓர் அப்பம் கிடையாது என்று ஐயர் மெச்சினார்.

ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், மறுநாள் பரிபூரணத்தின் முதல் ஓலை வாசிக்க இருந்தபோது, எப்பிராயீம் அந்தக் கலயத்தோடு பனையிலிருந்து இறங்கினார். எதிரே சுவிசேஷமுத்து வந்தார். கலயத்தின் உள்ளே கறுப்பாக இருந்ததைப் பார்த்தார். எப்பிராயீம் அதன்மேல் ஓலையைப் போட்டு மூடியதையும் பார்த்தார். அவர் அங்கேயே நின்று, இது என்னவே என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஸ்தோத்திரம் என்றார். எப்பிராயீமும் ஸ்தோத்திரம் என்றார். இருவரும் அவரவர் வழியே போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஐயர் முதல் ஓலையை வாசித்தார். தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்டார். யாரும் இல்லை. பிறகு எல்லாரும் முழங்காலில் நின்று அப்பத்தை வாங்கிப் புசித்தார்கள். சுவிசேஷமுத்துவும் புசித்தார்.

புதன்கிழமை சாயங்காலம் ஜெபக்கூட்டம். பாட்டு முடிந்ததும் அவரவர் மனப்பாரத்தை வாய்விட்டு ஜெபிக்கலாம். சுவிசேஷமுத்து கைகளை விரித்து ஆரம்பித்தார்.

“ஆண்டவரே, பனை உச்சியிலே மறைவாகப் பாவம் செய்கிற ஒரு சகோதரனுக்காக மன்றாடுகிறோம்.”

பாவம், எந்தப் பிள்ளையோ தெரியவில்லையே என்று எப்பிராயீமுக்கு மனம் இளகியது. ஆமென் என்று சத்தமாகச் சொன்னார்.

“சுண்ணாம்பில்லாத கலயத்தை அவன் ஓலையால் மூடினாலும், உம்முடைய கண்ணுக்கு அது மறைவில்லையே, ஆண்டவரே.”

எப்பிராயீம் கூப்பிய கையை இறக்கினார்.

“வடக்கு வரிசைப் பனைகளையெல்லாம் நீர் கண்ணோக்கிப் பாரும், ஆண்டவரே.”

வடக்கு வரிசையில் பனை ஏறுகிறவர் எப்பிராயீம் ஒருவர்தான். சபை முழுவதும் கண்ணை மூடியிருந்தது, ஆனால் ஒவ்வொருவரும் ஒரு கண்ணை மட்டும் திறந்து அவரைப் பார்த்தார்கள். பிறகு எல்லாருமாக ஆமென் என்றார்கள். அன்றைக்குப் போல உற்சாகமான ஆமென் அந்தக் கூரைக்குக் கீழே அதற்கு முன் கேட்டதில்லை.

கூட்டம் கலைந்ததும் சுவிசேஷமுத்து வந்து எப்பிராயீமின் தோளில் கை வைத்தார். ராத்திரி தூக்கமில்லாமல் மன்றாடுவதாக மெதுவாகச் சொன்னார். எதற்காக என்று அவரும் சொல்லவில்லை, எப்பிராயீமும் கேட்கவில்லை. கலயம் யார் வீட்டுக்குப் போனது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வாக்கு வாக்குதான். அந்தக் கை தோளில் இருந்த இடத்தை எப்பிராயீம் வீட்டுக்குப் போய்த் தேய்த்துக் கழுவினார்.

வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபம். அதில் அன்னப்பூ என்கிற ஒரு பெண், தன் பங்குக்கு ஜெபித்தாள். அவள் கலயத்தைப் பார்த்தவள் அல்ல. ஆனால் ஜெபத்தில் உருக்கம் வேண்டுமே. கள் குடித்துவிட்டுப் பனையிலிருந்து தவறி விழப்போகிற ஒரு சகோதரனைத் தாங்கிக்கொள்ளும் என்றாள். பெண்கள் எல்லாரும் அழுதார்கள். எப்பிராயீமின் மனைவி மார்த்தாள் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தாள். அவள் அழவில்லை. எழுந்து வந்துவிட்டாள். அப்படி எழுந்து வந்ததே ஒரு சாட்சியாகிவிட்டது.

அன்னப்பூவின் அக்காளை மேட்டுவிளையில் கட்டிக்கொடுத்திருந்தது. தங்கை சொல்லி அக்காள் அறிந்தாள். சனிக்கிழமை அங்கே நடந்த ஜெபத்தில் அக்காளும் கைகளை விரித்து ஜெபித்தாள். கள் வியாபாரம் பண்ணுகிற வீட்டில் பெண் எடுக்கப்போகிற எங்கள் ஊர்க் குடும்பத்தைக் காப்பாற்றும், ஆண்டவரே என்றாள். மேட்டுவிளையில் அந்த மாதம் ஆறுதல்புரத்தில் பெண் எடுக்கிற குடும்பம் ஒன்றே ஒன்றுதான்.

மூன்று ஜெபம். முதல் ஜெபத்தில் ஒரு கலயம். இரண்டாம் ஜெபத்தில் ஒரு குடிகாரன். மூன்றாம் ஜெபத்தில் ஒரு கள்ளுக்கடை. ஒருவரும் புறம்பேசவில்லை. ஒருவரும் பெயர் சொல்லவில்லை. ஒருவரும் வாக்கை மீறவில்லை.

இரண்டாம் ஓலையை உபதேசியார் வாசித்தார். தடை உண்டா என்று ஓலையிலிருந்து தலை தூக்காமலே கேட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. ஆனால் மறுநாளே மேட்டுவிளையிலிருந்து ஓர் ஆள் வந்தான். மூன்றாம் ஓலை வாசிக்கிற அன்று மாப்பிள்ளையின் தகப்பனார் நேரில் வருவார், எழுந்து நின்று தடை சொல்லுவார் என்று சொல்லிவிட்டு, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போனான்.

பரிபூரணம் அதைக் கேட்டுக்கொண்டு அடுப்பருகில் உட்கார்ந்திருந்தாள். கொதிக்கிற பதநீர் பொங்கி வழிந்ததையும் அவள் பார்க்கவில்லை. கோயிலில் தடை சொல்லி நின்றுபோன பெண்ணை அதன்பிறகு யாரும் கேட்டு வர மாட்டார்கள். அது அவளுக்குத் தெரியும், தாய்க்குத் தெரியும், தகப்பனுக்கும் தெரியும்.

மார்த்தாள் புருஷனிடம் சொன்னாள்:

“ஊரு முழுக்கப் போய் ஒரு வார்த்தை சொல்லும். உபதேசியார் வீட்டு அப்பத்துக்குத்தான்னு சொல்லும். அவங்க வாய் அடைச்சிரும்.”

“அடைக்காது. என் பேரை விட்டுட்டு அந்த அம்மா பேரைப் பிடிச்சுக்கிடுவாங்க. நாளைக்கு அவங்களுக்காக ஜெபம் நடக்கும்.”

“நடக்கட்டும். நம்ம பிள்ளைக்கு அவங்களா வந்து மாப்பிள்ளை பாப்பாங்க?”

எப்பிராயீம் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அவளைச் சொல்லியும் குற்றமில்லை.

அவர் நேரே உபதேசியார் வீட்டுக்குப் போனார். காரியத்தைச் சபையில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். உபதேசியார் நல்லவர், ஆனால் பயந்தவர். ஐயருக்கே இது தெரியாது, தெரிந்தால் தன் வேலை போய்விடும் என்றார். கள் ஊற்றின அப்பத்தையா புசித்தோம் என்று சபை இரண்டாக உடைந்துவிடும் என்றார். கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். கடைசியில், “உமக்காக நான் பாரத்தோடே ஜெபிக்கேன், எப்பிராயீமு” என்றார்.

“ஐயா, தயவு பண்ணி அதைச் செய்யாதிரும். எனக்காக இந்த ஊரு பண்ணுன ஜெபமே எனக்குப் போதும்.”

உள்ளே சலோமி அம்மாள் முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. பிறகு மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

எப்பிராயீம் பனை உச்சியில் உட்கார்ந்து யோசித்தார். பேசினால் வாக்குப் போகும். பேசாவிட்டால் மகளின் கல்யாணம் போகும். அடுத்தவன் பேரைச் சொல்லித் தன் பேரைக் காப்பாற்றிக்கொண்டால், சுவிசேஷமுத்து செய்ததற்கும் தான் செய்ததற்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்தார். சுவிசேஷமுத்துவைப் போல ஆவதைவிடக் கீழே விழுந்து சாகலாம் என்றும் நினைத்தார். பாளையைச் சீவினார். யோசித்தார். மறுபடி சீவினார்.

பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. சபை என்ன கேட்டு ஜெபித்தது? அந்தச் சகோதரனுடைய கலயத்திலும் சுண்ணாம்பு இருக்க வேண்டும் என்றுதானே? அதைக் கொடுத்துவிட்டால் போயிற்று.

மூன்றாம் ஓலைக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் வடக்கு வரிசையில் எல்லாக் கலயத்திலும் அவர் சுண்ணாம்பு தடவினார். ஒன்றுகூட விடவில்லை. விரல் வெந்துபோகும் அளவுக்குத் தடவினார். விடிந்ததும் வழக்கமான கலயத்தை ஓலையால் மூடாமல், ஊர் நடுவே தூக்கிக்கொண்டு போய்ச் சலோமி அம்மாளிடம் கொடுத்தார்.

அவள் முகர்ந்து பார்த்தாள். “பதநீர்லா இருக்கு.”

“ஆமாம்மா. இனி எல்லாத்துலயும் சுண்ணாம்புதான். சபை அப்படித்தான் ஜெபிச்சிருக்கு.”

அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. ஏமாற்றவும் இல்லை. சலோமி அம்மாள் அந்தக் கலயத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பதநீரை ஊற்றியே மாவைப் பிசைந்தாள்.

மூன்றாம் ஞாயிறு வந்தது. சுவிசேஷமுத்து மணி அடித்தார். கோயில் நிறைந்து வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். வழக்கமாக வராதவர்களும் அன்று வந்திருந்தார்கள். முன்வரிசையில் மேட்டுவிளைப் பாக்கியநாதன் மடித்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கத்தில் பரிபூரணம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தாயின் பின்னால் இருந்தாள்.

ஐயருக்கு ஒன்றும் தெரியாது. மூன்றாம் ஓலையை வாசித்தார். தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்டார்.

பாக்கியநாதன் எழுந்தார். பெண்ணின் தகப்பன் கள் இறக்குகிறார் என்றார்.

ஐயர் ஓலையைக் கீழே வைத்தார். கண்ணால் பார்த்தவர் யார் என்று கேட்டார். பார்க்கவில்லை, எங்கள் ஊர் ஜெபத்தில் கேட்டேன் என்றார் பாக்கியநாதன். ஜெபித்தது யார் என்றார் ஐயர். அன்னப்பூவின் அக்காள், அவளுக்குத் தங்கை சொன்னதாம் என்றார் பாக்கியநாதன். ஐயர் அன்னப்பூவைக் கேட்டார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தானும் ஜெபத்தில் கேட்டதுதான் என்றாள். அந்த ஜெபத்தைச் செய்தது யார் என்றார் ஐயர். எல்லாத் தலைகளும் வாசல் பக்கம் திரும்பின. சுவிசேஷமுத்து மணிக்கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

“நான் யார் பேரையும் சொல்லல, ஐயரே. ஜெபம் மட்டுந்தான் பண்ணினேன்.”

ஐயர் எப்பிராயீமைப் பார்த்தார். “சுண்ணாம்பு தடவாத கலயம் உமக்கு இருந்ததா?”

“இருந்தது, ஐயரே. ஒண்ணே ஒண்ணு. இந்த வாரம் அதுவும் இல்ல.”

“எதற்கு வைத்திருந்தீர்?”

“அதைச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்.”

சபையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. உபதேசியார் தரையைப் பார்த்தார். ஐயர் கையை உயர்த்தி அதை அடக்கினார். ஓலை அப்படியே இருக்கட்டும், ஆராதனை முடிந்ததும் விசாரிப்போம் என்று சொல்லிவிட்டுத் திருவிருந்து மேசைக்குத் திரும்பினார். வெள்ளைத் துணியை எடுத்தார்.

தட்டில் அப்பம் இருந்தது. அது அப்பமாக இல்லை. கூரை ஓடுபோலத் தட்டையாக, மங்கலாக, விறைப்பாக இருந்தது. ஐயர் எடுத்துப் பிட்டுப் பார்த்தார். பிட முடியவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினார். கைதவறித் தட்டில் விழுந்து டொக் என்று சத்தம் போட்டது. பின்னால் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் திரும்பி முறைத்தார்கள்.

போன தடவை பஞ்சுபோல இருந்ததே, இப்போது என்ன ஆயிற்று என்று ஐயர் கேட்டார். உபதேசியார் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

பெண்கள் பக்கத்தில் சலோமி அம்மாள் எழுந்து நின்றாள். அந்தக் காலத்தில் கோயிலுக்குள் ஒரு பெண் எழுந்து பேசுவது பெரிய காரியம்.

“ஐயரே, அப்பம் உப்பல. ஏன்னா, இந்த வாரம் எல்லாக் கலயத்திலும் சுண்ணாம்பு இருந்தது.”

அவ்வளவுதான் சொன்னாள். முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு ஒவ்வொருவருக்கும் மெல்ல விளங்கியது. போன திருவிருந்தில் தாங்கள் புசித்த மெத்தென்ற அப்பம் எதனால் உப்பியது என்று நினைத்துப் பார்த்தார்கள். புசித்துவிட்டுப் போன அதே வாயால் அந்த வாரம் என்னவெல்லாம் ஜெபித்தோம், எதற்கெல்லாம் ஆமென் சொன்னோம் என்றும் நினைத்துப் பார்த்தார்கள். தலைகள் குனிந்தன.

உபதேசியார் அழுதுகொண்டே முன்னே வந்தார். கேட்டது நான், மறைக்கச் சொன்னதும் நான், எப்பிராயீம் எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்தார் என்று எல்லார் முன்பாகவும் சொன்னார். ஐயர் அவரைக் கோபிக்கவில்லை. மாவு உப்பினதில் பாவம் எதுவும் இல்லை, மறைத்ததில்தான் இருக்கிறது என்றார்.

பிறகு சபையைப் பார்த்துக் கேட்டார். எப்பிராயீமின் வீடு எங்கே இருக்கிறது? கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில். இந்த இரண்டு வாரத்தில் அந்த வீட்டுக்குப் போய், இந்தக் கலயம் எதற்கு என்று கேட்டவர் யார்?

யாரும் இல்லை.

“சகோதரனிடத்தில் குறை கண்டால் அவனிடத்திலேயே தனியாகப் போய்ச் சொல்லும்படி நம்முடைய ஆண்டவர் போதித்திருக்கிறார். நீங்கள் குறையை ஆண்டவரிடத்தில் கொண்டுபோனீர்கள். ஆனால் அவருக்குக் கேட்கும்படி அல்ல, பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கேட்கும்படி சொன்னீர்கள்.”

அன்று திருவிருந்து இல்லை என்றார் ஐயர். நொந்த மனிதனோடு முதலில் ஒப்புரவாகுங்கள், பிறகு மேசைக்கு வாருங்கள் என்று துணியைப் போட்டு மூடினார்.

அன்னப்பூ முதலில் வந்தாள். எப்பிராயீமின் முன்னும் மார்த்தாளின் முன்னும் நின்று, தப்பு என்னுடையது அண்ணாச்சி என்றாள். அடுத்து உபதேசியார் வந்தார். தப்பு என்னுடையது என்றார். கடைசியில் பாக்கியநாதன் வந்தார். வயதில் மூத்தவர், கௌரவம் பார்க்கிறவர். அவரும் எப்பிராயீமின் கையைப் பிடித்துக்கொண்டு, “தப்பு என்னுது, சம்பந்தி. நான் முதல்ல உம்ம வீட்டுக்கு வந்திருக்கணும்” என்றார். அந்தச் சம்பந்தி என்கிற வார்த்தையைக் கேட்டதும் பரிபூரணம் முக்காட்டுக்குள் விம்மினாள். ஐயர் ஓலையை எடுத்து மறுபடியும் வாசித்தார். தடை இல்லை.

சுவிசேஷமுத்து என்ன செய்தார்? அவரும் சும்மா இருக்கவில்லை. வாசலிலேயே முழங்கால்போட்டுக் கைகளை விரித்து, பாவியாகிய என்னை மன்னியும் ஆண்டவரே என்று சத்தமாக ஜெபித்தார். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் உருகிப்போனார்கள். எப்பிராயீமின் பக்கம் மட்டும் அவர் வரவில்லை.

கல்யாணம் நடந்தது. சுவிசேஷமுத்து வழக்கத்தைவிட நெடுநேரம் மணி அடித்தார். பந்திக்கு முன்னால் பானகம் கொடுத்தார்கள். மேட்டுவிளையார் சிலர் குடிப்பதற்கு முன் கிண்ணத்தை மூக்கருகில் கொண்டுபோய் மெல்ல முகர்ந்தார்கள். முகர்ந்ததை எப்பிராயீம் பார்த்தார். ஒவ்வொரு மூக்கையும் பார்த்து வைத்துக்கொண்டார்.

பரிபூரணம் நன்றாகத்தான் வாழ்ந்தாள். ஆனாலும் மேட்டுவிளைக் கிணற்றடியில் யாருக்காவது அவள்மேல் கோபம் வந்தால், கள்ளுக்காரன் மகள் என்று சொல்லிவிடுவார்கள். அவளுக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகும் சொன்னார்கள். ஆறுதல்புரத்துக் கோயிலில் வெளியான உண்மை மேட்டுவிளைக் கிணறுவரைக்கும் போகவில்லை. அந்த ஜெபம் போயிருந்தது.

ஒரு நாள் எப்பிராயீம் கோயில் வாசலில் சுவிசேஷமுத்துவைத் தனியாகப் பார்த்தார். தன்னிடம் சொல்ல வேண்டியது ஏதாவது உண்டா என்று அவரே கேட்டார். சுவிசேஷமுத்து முகம் மலர்ந்து சொன்னார்:

“அதெல்லாம் அன்னைக்கே தீர்ந்துட்டே. ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன், அவரு மன்னிச்சிட்டாரு. என் மனசு லேசாயிட்டு.”

“அவரு மன்னிச்சிருப்பாரு, வேய். நீரு அவரைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே.”

சுவிசேஷமுத்து சிரித்தார். அது வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துக்கொண்டார்.

அதன்பிறகு வருஷங்கள் போயின. இருவருக்கும் தலை நரைத்தது. எப்பிராயீம் பனை ஏறுவதை நிறுத்தினார். சுவிசேஷமுத்து மணி அடிப்பதை நிறுத்தவில்லை. ஞாயிறுதோறும் வாசலில் ஸ்தோத்திரம் என்பார் சுவிசேஷமுத்து. ஸ்தோத்திரம் என்பார் எப்பிராயீம். சொல்லிவிட்டு ஒரு மூச்சு நேரம் அங்கேயே நிற்பார். அன்னப்பூ கொடுத்த வார்த்தை, உபதேசியார் கொடுத்த வார்த்தை, சம்பந்தி கொடுத்த வார்த்தை, தப்பு என்னுடையது என்கிற அந்த ஒரு வார்த்தை முதல் ஆளிடமிருந்தும் வர வேண்டுமே என்று நிற்பார். வராது. உள்ளே போய் உட்காருவார். அது அவருக்கு இன்னும் வர வேண்டியதாகவே இருக்கிறது.

ஆகையால் கேட்டவர்களே, ஒருவனிடத்தில் கண்ட குறையை அவனிடமே போய்க் கேட்க மனமில்லாதவன், அதை ஜெபமாகக்கூட அடுத்தவர் காதில் போடக் கூடாது.